மூன்றாவது சீடையில் வந்த வலி: ஒரு நிகழ்வு ஆய்வு

பல்வலி என்று இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியாகிவிட்டது, வலி போகவில்லை. வறட்டு இருமலுக்கு நான்கு பாட்டில் மருந்து காலி, இருமல் நிற்கவில்லை. காது வலிக்குக் காதைப் பார்த்தார்கள். தோள் வலிக்கு மின்சார ஒத்தடம் கொடுத்தார்கள். உடம்பு இளைத்துக்கொண்டே போகிறதே, புற்றுநோயாக இருக்குமோ என்று வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். ஐந்து இடத்தில் ஐந்து பேர் பார்த்த இந்த ஐந்து தொந்தரவும் ஒரே நோய் என்று தெரிய ஏறக்குறைய மூன்று மாதம் பிடித்தது. அந்த ஐந்து பேரில் நானும் ஒருவன். இருமலைப் பார்த்தவன் நான்.

நோயின் பெயர் ஜெயன்ட் செல் ஆர்ட்டிரைட்டிஸ். பெரிய, நடுத்தர அளவுத் தமனிகளின் சுவர் அழற்சி கண்டு வீங்கி, உள்ளே ரத்தம் போகும் வழி குறுகிவிடும் நோய். நுண்ணோக்கியில் பார்த்தால் பல கருக்கள் கொண்ட பெரிய அணுக்கள் தெரியும் என்பதால் இந்தப் பெயர். 50 வயதுக்குக் கீழே அநேகமாக வருவதில்லை. 70-ஐத் தாண்டியவர்களிடம்தான் அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு. ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் அந்த வழியில் வந்தவர்களிடமும் நிறையப் பார்க்கலாம். நம் பக்கம் அரிது. காரைக்குடியில் பொது மருத்துவனாக இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன், உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரு நோயாளியைக்கூட அதுவரை பார்த்ததில்லை. பார்க்கவே இல்லையா, பார்த்தும் தெரியாமல் அனுப்பிவிட்டேனா என்ற கேள்வி இப்போது இருக்கிறது.

நோயாளியான ஆச்சியின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கை மாற்றவில்லை.

நோயாளியும் முன்கதையும்

வயது 76. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு நகரத்தார் ஊர். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டுக் கதவு அடுத்த தெருவில் என்று நீண்டு கிடக்கும் வீடு. அதில் இருப்பது இரண்டே பேர்: ஆச்சி ஒருவர், சமையலுக்கும் துணைக்கும் இருக்கும் அம்மா ஒருவர். பெரிய மகன் சிங்கப்பூரில், சின்னவர் சென்னையில். ஆச்சிக்கு 15 வருஷமாக ரத்த அழுத்தம், 8 வருஷமாகச் சர்க்கரை. எனலாப்ரில், மெட்ஃபார்மின் இரண்டும் ஒழுங்காகச் சாப்பிடுபவர். வலது கண்ணில் புரை அறுவை முடிந்திருந்தது. இடது கண்ணுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கடைசி விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

"பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கிட்ட அன்னைக்குக்கூட நல்லாத்தான் இருந்தேன் தம்பி" என்றார். தை பிறந்த பிறகுதான் ஒவ்வொன்றாக ஆரம்பித்திருக்கிறது. முதலில் அசதி. அப்புறம் இடது தாடையில் வலி. பல் மருத்துவர் பார்த்தபோது இரண்டு பற்கள் உண்மையிலேயே சொத்தைதான். பிடுங்கினார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது, 76 வயதில் சொத்தைப் பல் இல்லாத வாய் எத்தனை? வலி காதுப் பக்கம் ஏறியது. காது சுத்தம். பிறகு காலையில் எழுந்தால் இரண்டு தோளும் கழுத்தும் இறுகி, கை தூக்க முக்கால் மணி நேரம் ஆகும் நிலை. கழுத்தெலும்புத் தேய்மானம் என்று ஒரு எக்ஸ்ரே சொன்னது. அந்த வயதில் யார் கழுத்தை எடுத்தாலும் அந்த எக்ஸ்ரே அப்படித்தான் சொல்லும்.

என்னிடம் வந்தது மாசிக் கடைசியில், இருமலோடு. ஒன்றரை மாதமாக வறட்டு இருமல், சாயங்காலம் லேசான காய்ச்சல், ராத்திரி வியர்வை. எடை 52 கிலோவிலிருந்து 46-க்கு இறங்கியிருந்தது. எனலாப்ரில் வகை மருந்து வறட்டு இருமல் தரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, உடனே அதை நிறுத்தி அம்லோடிபின் மாற்றிக் கொடுத்தேன். கெட்டிக்காரத்தனமாகச் செய்துவிட்டதாக நினைத்தேன். மூன்று வாரம் கழித்தும் இருமல் அப்படியே இருந்தது.

பரிசோதனைகள்

ஹீமோகுளோபின் 8.9, சிவப்பணுக்களின் அளவு சரியாகவே இருந்தது, இரும்புக் குறைவு மாதிரி இல்லை. தட்டணுக்கள் 5.6 லட்சம். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் இரண்டு எண்களும் மிக அதிகம்: ஈ.எஸ்.ஆர். முதல் மணி நேரத்தில் 108. சி.ஆர்.பி. லிட்டருக்கு 86 மில்லிகிராம். கல்லீரல் சோதனையில் ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் மட்டும் கொஞ்சம் கூடுதல். சிறுநீரகம் சுத்தம். மார்பு எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. சளி வரவில்லை, உப்பு நீராவி கொடுத்து வரவழைத்த சளியில் சிபிநாட் சோதனை காசநோய் இல்லை என்றது. காசநோய்க்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்டூ சோதனையிலும் தடிப்பு 6 மில்லிமீட்டர்தான். மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயாக இருக்குமோ என்று புரதப் பகுப்பும் பார்த்தேன், அதுவும் இல்லை.

மார்பு சி.டி. எடுத்தோம். நுரையீரல் சுத்தம், நெறிக்கட்டிகள் இல்லை. அறிக்கையின் கடைசியில், இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியைப் பற்றி ஒரு வரி: மகாதமனிச் சுவர் சற்றே தடித்துள்ளது, வயதுக்கேற்ற மாற்றம். அந்த வரியைப் படித்தேன். படித்துவிட்டுக் காகிதத்தை மடித்து உறையில் போட்டேன்.

நாள்பட்ட இருமல், மாலைக் காய்ச்சல், இளைப்பு, ராத்திரி வியர்வை. நம் நாட்டில் இந்த நான்கையும் சேர்த்துச் சொன்னால் மருத்துவ மாணவன் தூக்கத்தில்கூட டி.பி. என்பான். சோதனை எதிலும் பிடிபடாவிட்டாலும் மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்ற பழக்கம் எங்களிடம் உண்டு. நானும் அந்த முடிவுக்குத்தான் வந்தேன். சிங்கப்பூரிலிருந்து மகன் வீடியோவில் வந்து, "எங்க ஆத்தாவுக்கு டி.பி.யா? வீட்டை விட்டே போறதில்லையே சார்" என்றார். வயசானவங்களுக்கு உள்ளே தூங்கிக் கிடந்தது எழுந்துகொள்ளும் என்று அவருக்குப் பாடம் எடுத்தேன். வெள்ளிக்கிழமை மருந்து தொடங்குவதாக ஏற்பாடு.

புதன்கிழமை

புதன்கிழமை ஆச்சி வந்தது இருமலுக்காக இல்லை; சாப்பாடே இறங்கவில்லை, டானிக் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்க. பசி இல்லையா என்றேன். பசிக்கிறது, சாப்பிடத்தான் பிடிக்கவில்லை என்றார். இதை நான் விட்டுவிடத்தான் இருந்தேன். கூட வந்த சமையல் அம்மா, கதவோரம் நின்றபடியே சொன்னார்:

"பிடிக்காம இல்லங்க டாக்டரய்யா. மெல்ல முடியல. சீப்புச் சீடை வச்சா ரெண்டு நல்லாத்தான் சாப்புடுறாங்க. மூணாவதுல தாடையப் புடிச்சுக்கிட்டு வச்சிருவாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி ரெண்டு. பல்லு வலின்னா மொதக் கடியிலயே வலிக்கணும்ல?"

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"வெத்தலையும் ரெண்டு மாசமா இடிச்சுத்தான் குடுக்குறேன். பல்லு இருக்கும்போதே உரலு கேக்குறாங்க."

கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது, மறுபடி நடந்தால் மறுபடி பிடிக்கிறது என்று புகைபிடிக்கும் ஆண்கள் வந்து சொல்வது எங்களுக்கு அன்றாடம். காலுக்குப் போகும் தமனி அடைத்திருக்கிறது என்று உடனே சொல்லிவிடுவோம். அந்த அம்மா சொன்னது அதே கதை. நடப்பது கால் இல்லை, தாடை. மெல்லும் தசைகளுக்கு ரத்தம் தரும் தமனிக் கிளைகள் குறுகிவிட்டால், முதல் சீடைக்கும் இரண்டாவது சீடைக்கும் போதுமான ரத்தம் இருக்கும், மூன்றாவதுக்கு இருக்காது. ஓய்வு கொடுத்தால் வலி இறங்கிவிடும். இதற்குத் தாடை கிளாடிகேஷன் என்று பெயர். இந்த நோயைச் சுட்டிக்காட்டும் தொந்தரவுகளில் மிகத் துல்லியமானவற்றில் இது ஒன்று.

சொத்தைப் பல் சூடும் குளிரும் பட்டால் துடிக்கும். தாடை மூட்டுக் கோளாறு வாயை அகலத் திறந்தாலே வலிக்கும், சொடக்குச் சத்தம் கேட்கும். முக்கிளை நரம்பு வலி மின்சாரம் பாய்ந்த மாதிரி சில விநாடிகள் வெட்டிவிட்டுப் போகும். மென்று மென்று ஏறி, நிறுத்தினால் இறங்கும் வலி இவற்றில் எதுவுமில்லை. இதைக் கேட்க ஒரு நிமிஷம் போதும். 'வலி எங்கே' என்று ஐந்து பேரும் கேட்டோம். எப்போது தொடங்குகிறது, எப்போது நிற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

சரி, இனிமேலாவது ஒழுங்காகக் கேட்போம் என்று தலைவலி உண்டா என்றேன். இல்லை என்றார். இதற்கு முன்னும் இரண்டு தடவை இதே கேள்விக்கு இல்லை என்றவர்தான். அப்போதுதான் கவனித்தேன், ஆச்சியின் தலைமுடி கொண்டை இல்லாமல் தளர்ந்து தொங்கியது. இந்த வயது ஆச்சிமாரை அப்படிப் பார்ப்பது அபூர்வம். ஏன் ஆச்சி கொண்டை போடலை என்றதும், "சீப்பு பட்டா மண்டையெல்லாம் புண்ணு மாதிரி இருக்கு தம்பி, இடது பக்கம் தலையணையில வைக்க முடியல" என்றார். அவர் கணக்கில் இது தலைவலி இல்லை. தலைவலி என்றால் உள்ளே இடிக்க வேண்டும். இது தோல் வலி. பாடப்புத்தகத்தின் முதல் அறிகுறி புதிதாக வந்த தலைவலி. நோயாளியின் பாஷையில் அது 'கொண்டை போடலை'.

1890-இல் லண்டன் மருத்துவர் ஜொனாதன் ஹட்சின்சன் இந்த நோயை முதலில் விவரித்தபோது அவருடைய நோயாளி, ஒரு முதியவர், தொப்பி போட முடியவில்லை என்றுதான் வந்தார். தலையின் பக்கவாட்டில் சிவந்த கோடுகளாகத் தமனிகள் வீங்கி இருந்தன. அங்கே தொப்பி, இங்கே கொண்டை. 1932-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த பேயார்ட் ஹார்ட்டன் தமனித் துண்டை வெட்டி எடுத்து நுண்ணோக்கியில் காட்டிய பிறகுதான் நோய்க்கு உருவம் கிடைத்தது.

அடுத்த கேள்வி கண். பார்வை மங்குகிறதா என்றால் புரை உள்ளவர் ஆமாம் என்றுதான் சொல்வார். அதனால் எப்போதாவது ஒரு கண் சட்டென்று மறைந்து திரும்பியதா என்று கேட்டேன். முந்தின வாரம் காலையில் வாசலில் கோலம் போடும்போது இடது கண்ணில் மேலேயிருந்து படுதா இறங்கின மாதிரி இருட்டி, ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிட்டதாம். இரண்டு தடவை. புரை முற்றுகிறது என்று நினைத்துக்கொண்டார். நான் பயந்தது அங்கேதான். கண் நரம்பின் தலைப்பகுதிக்கு ரத்தம் தரும் சின்னத் தமனிகள் அடைத்துக்கொண்டால் பார்வை போய்விடும், போனது பெரும்பாலும் திரும்பாது. மருந்து இல்லாமல் விட்டால் சில நாட்களிலோ ஓரிரு வாரத்திலோ அடுத்த கண்ணும் போகலாம். கோலத்தின்போது வந்த அந்த ஐந்து நிமிஷம் முன்னறிவிப்பு. வெள்ளிக்கிழமை காசநோய் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தால், ஆச்சி எந்த நாளில் கண் தெரியாமல் எழுந்திருப்பார் என்று யாரும் சொல்ல முடியாது.

விரலில் தட்டுப்பட்டது

இடது நெற்றிப்பொட்டில் விரலை வைத்தேன். காதுக்கு முன்னாலிருந்து மேலேறும் தமனி, நனைந்த சணல் கயிறு மாதிரி தடித்து, உருட்டினால் உருண்டது. துடிப்பு இல்லை என்றே சொல்லலாம். வலது பக்கம் மெல்லிசாக, நன்றாகத் துடித்தது. தொட்டதுமே ஆச்சி முகத்தைச் சுளித்தார். மூன்று முறை என் அறைக்கு வந்தவர். மூன்று முறையும் முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்தேன். நெற்றிப்பொட்டு அதிலிருந்து ஒரு முழம்கூட இல்லை.

வலக்கை ரத்த அழுத்தம் 150/80, இடக்கை 138/76. இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது, ஆனால் குறித்துக்கொண்டேன். மணிக்கட்டு நாடி இரண்டும் இருந்தது. நாடி இல்லாமல் போகும் தகாயாசு நோய் நம் நாட்டு மருத்துவர்களுக்கு ஓரளவு பழக்கம். 1908-இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிதோ தகாயாசு விவரித்தது. அதுவும் பெரிய தமனிகளின் அழற்சிதான். ஆனால் அது பெரும்பாலும் 40 வயதுக்குட்பட்ட பெண்களின் நோய். ஒரே வீட்டுப் பெண்களில் ஒருவரை நன்றாகத் தெரியும், மற்றவரைத் தெரியாது என்ற நிலையில் இருக்கிறோம். வயதானவர் வந்தால் அடையாளம் தெரியாமல் திண்ணையிலேயே உட்கார வைத்துவிடுகிறோம்.

சிகிச்சையும் உறுதிப்பாடும்

திசுச் சோதனை முடியும்வரை காத்திருக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அன்று மத்தியானமே என் அறையில் வைத்து ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு 60 மில்லிகிராம் விழுங்க வைத்துவிட்டுத்தான் மதுரைக்கு வண்டி ஏற்றினேன். ஸ்டீராய்டு தொடங்கினால் திசுவில் ஒன்றும் தெரியாமல் போய்விடும் என்று பயப்படுபவர்கள் உண்டு. தொடங்கி இரண்டு வாரம் வரைக்கும், பல பேருக்கு அதற்கு மேலும், தடயம் அப்படியே இருக்கும். கண்ணுக்கு அந்த அவகாசம் கிடையாது.

மதுரையில் கண் மருத்துவர் இடது விழித்திரையில் பஞ்சு வைத்த மாதிரி ஒரே ஒரு வெண்புள்ளியைப் பார்த்தார். நரம்பின் தலைப்பகுதி இன்னும் வெளுக்கவில்லை, வீங்கவில்லை. பார்வைத் தொந்தரவு வந்திருந்ததால் மெத்தில்ப்ரெட்னிசலோன் 500 மில்லிகிராம் வீதம் மூன்று நாள் ரத்தக்குழாய் வழியாக ஏற்றினார்கள். அல்ட்ராசவுண்ட் பார்த்தபோது இடது நெற்றித் தமனியின் இரண்டு கிளைகளையும் சுற்றிக் கருப்பு வளையம் தெரிந்தது. வீங்கிய சுவர்தான் அப்படித் தெரிகிறது. நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டியிருக்கிறது என்போமே, அந்த மாதிரி. இடது அக்குள் தமனியிலும் அதே வளையம். கைகளுக்கிடையே ரத்த அழுத்தம் வேறுபட்டதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

ஐந்தாம் நாள் இடது நெற்றித் தமனியில் ஒன்றரை சென்டிமீட்டர் துண்டு எடுத்தார்கள். இந்த நோய் தமனி முழுக்க ஒரே சீராக இருக்காது. ஓரிடத்தில் இருக்கும், பக்கத்தில் இருக்காது. அதனால் துண்டு ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்தால் தப்பிப்போகலாம். அறிக்கை: சுவரின் எல்லா அடுக்கிலும் அழற்சி அணுக்களான லிம்ஃபோசைட்டுகளும் மேக்ரோஃபேஜுகளும், உள் நெகிழ்படலம் அங்கங்கே அறுந்து, சில பல்கருப் பெரிய அணுக்கள். பெயரில் இருந்தாலும் இந்தப் பெரிய அணுக்கள் எல்லா நோயாளிகளின் தமனித் துண்டிலும் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை.

பழைய சி.டி.யையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருந்தேன். கதிரியக்க மருத்துவர் மறுபடி பார்த்தார். வயதினால் தடித்தால் சுவர் அங்கங்கே மேடுபள்ளமாக, சுண்ணாம்பு படிந்து இருக்கும். ஆச்சியின் மகாதமனி வளைவில் தடிப்பு சுற்றிலும் ஒரே சீராக, வழவழவென்று இருந்தது. நான் மடித்து உறையில் போட்ட வரி அதுதான்.

2022-இல் அமெரிக்க, ஐரோப்பிய வாத நோய் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட மதிப்பெண் முறை ஒன்று உண்டு. வயது 50 அல்லது அதற்கு மேல் இருந்தாக வேண்டும். பிறகு 6 மதிப்பெண் போதும். ஆச்சிக்குக் காலை நேரத் தோள், கழுத்து இறுக்கத்துக்கு 2, தாடை வலிக்கு 2, உச்சந்தலை நோவுக்கு 2, விரலில் தட்டுப்பட்ட தமனிக்கு 2, ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி.க்கு 3. திசுவையும் அல்ட்ராசவுண்டையும் கணக்கில் எடுக்காமலே 11. அவற்றுக்கு 5 சேர்த்தால் 16. இது ஆராய்ச்சிக்காக நோயாளிகளை வகைப்படுத்தும் கணக்கு, நோயைக் கண்டுபிடிக்கும் கருவி இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள். இருந்தாலும் எனக்கு உறைத்தது வேறு: அந்த 11-இல் 8 மதிப்பெண்ணுக்கு ஒரு பைசா செலவில்லை. வாயால் கேட்பதும் விரலால் தொடுவதும்தான்.

இருமல் எங்கிருந்து வந்தது?

ஸ்டீராய்டு தொடங்கிய மூன்றாம் நாள் இருமல் நின்றது. இரண்டு மாத இருமல் அப்படி நின்றதைப் பார்த்தபோது சந்தோஷத்தைவிட வெட்கம்தான் அதிகம் வந்தது. இருமலைத் தூண்டும் நரம்பு முனைகள் தொண்டையிலும் மூச்சுக்குழலிலும் இருக்கின்றன. அங்கே ரத்தம் கொண்டுபோகும் கிளைத் தமனிகள் அழற்சி காண்பதால்தான் இந்த இருமல் என்று கருதுகிறார்கள். நுரையீரலில் ஒன்றும் இருக்காது, எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். தொண்டை வலி, குரல் கம்முதல், நாக்கு வலி என்றும் வரலாம். நாக்கின் ஒரு பக்கம் கருத்து அழுகிப்போவதுகூட உண்டு. அரிது, ஆனால் ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இன்னொரு முகம் வெறும் காய்ச்சல். காரணம் பிடிபடாத காய்ச்சலும் இளைப்புமாக ஒரு முதியவர் மாதக்கணக்கில் அலைவார், தலையில் ஒன்றும் இருக்காது. அழற்சி முழுக்க மகாதமனியிலும் அதன் பெரிய கிளைகளிலும் இருக்கும். நெற்றித் தமனியை வெட்டிப் பார்த்தால் சுத்தமாகவே இருக்கலாம். துணி பிழிந்தால், உரலில் இடித்தால் கை ஓய்ந்துபோகிறது என்பது இவர்களிடம் கேட்க வேண்டிய விஷயம். பக்கவாதமாகவும் வரும், அதிலும் பின் மூளைக்குப் போகும் தமனிகளில். தோள் இறுக்கம் மட்டும் தனியாக வந்தால் பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்று வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதுவும் கூடவே இருக்கும்.

ஈ.எஸ்.ஆர். பற்றி ஒரு வார்த்தை. 100-ஐத் தாண்டிய ஈ.எஸ்.ஆரைப் பார்த்ததும் டி.பி., புற்றுநோய், மைலோமா என்று மூன்று விரல் மடக்கக் கற்றிருக்கிறோம். நான்காவது விரலும் இருக்கிறது. மறுபக்கம், ஈ.எஸ்.ஆர். சரியாக இருந்தும் இந்த நோய் இருப்பவர்கள் கொஞ்சம் பேர் உண்டு. ஆகவே எண் குறைவு என்பதற்காக நெற்றிப்பொட்டைத் தொடாமல் விட முடியாது.

இதையெல்லாம் படித்துவிட்டு நாளைக்கே தாடை வலி என்று வரும் எல்லோருக்கும் ஸ்டீராய்டு எழுதினால் அது இதைவிடப் பெரிய விபத்து. நம் ஊரில் காசநோய் உண்மையிலேயே அதிகம். அது உள்ளே இருக்கும்போது இவ்வளவு ஸ்டீராய்டு கொடுத்தால் கொழுந்துவிட்டு எரியும். ஆச்சிக்கு நுரையீரல் சி.டி.யும் சளிச் சோதனையும் ஏற்கெனவே சுத்தமாக இருந்ததுதான் அந்த மத்தியானம் எனக்குத் தைரியம் கொடுத்தது. தப்பான நோயைத் தேடி எடுத்த சோதனைகள் சரியான மருந்துக்கு வழி விட்டன.

பிறகு நடந்தது

தாடை வலி ஒரு வாரத்தில் போனது. இடது கண் பார்வை தங்கியது. புரை அறுவையைப் பிறகு செய்துகொண்டார். மூன்று வாரத்தில் ஈ.எஸ்.ஆர். 34, சி.ஆர்.பி. 6. ஆனால் சர்க்கரை 340-க்கு ஏறியது, இன்சுலின் போட வேண்டியதாயிற்று. ராத்திரித் தூக்கம் போனது. விடியற்காலை இரண்டு மணிக்கு வளவில் விளக்கைப் போட்டு வெண்கலப் பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டிருக்கிறார் என்று சமையல் அம்மா புகார் சொன்னார். எலும்புக்காகக் கால்சியம், வைட்டமின் டி, வாரம் ஒரு அலெண்ட்ரோனேட். அதை வெறும் வயிற்றில் நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது என்பதை ஆச்சி கடைப்பிடித்த மாதிரி நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

ப்ரெட்னிசலோனைப் படிப்படியாகக் குறைத்தோம். ஏழாம் மாதம் 7.5 மில்லிகிராமுக்கு வந்தபோது ஒரு நாள் காலை சமையல் அம்மா போன் செய்தார். "டாக்டரய்யா, ஆச்சி மறுபடி உரலு கேட்டாங்க" என்றார். இருமலும் இரண்டு நாளாகத் தொண்டையைச் சொறிகிறதாம். ஆச்சியைக் கேட்டால் ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்றார். சி.ஆர்.பி. 31.

ப்ரெட்னிசலோனை 15-க்கு ஏற்றினோம். டோசிலிசுமாப் ஊசி ஸ்டீராய்டின் தேவையைக் குறைக்கும் என்பது 2017-இல் வந்த பெரிய ஆய்வில் உறுதியான விஷயம். ஆனால் விலை ஒரு பக்கம், காசநோய்ப் பயம் ஒரு பக்கம். அதோடு அந்த ஊசி சி.ஆர்.பி.யையே அமுக்கிவிடுவதால் நோய் திரும்புகிறதா என்று அந்த எண்ணை நம்பிப் பார்க்க முடியாது. மதுரை வாத நோய் மருத்துவரும் மகன்களும் நானும் பேசி, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தை வாரம் ஒரு முறை கொடுப்பது என்று முடிவெடுத்தோம். அதன் பலன் மிதமானதுதான் என்பதை அவர்களிடம் மறைக்கவில்லை.

இப்போது 5 மில்லிகிராமில் இருக்கிறார். மகாதமனி பிற்காலத்தில் பலூன் மாதிரி விரியக்கூடும் என்பதால் வருஷத்துக்கு ஒரு தடவை படம் எடுக்கிறோம். இதுவரை அளவு மாறவில்லை. மாதா மாதம் வரும்போது சி.ஆர்.பி. காகிதத்தை ஆச்சி நீட்டுவார். வாங்கி வைத்துக்கொண்டு, கதவோரம் நிற்கும் அம்மாவைத்தான் முதலில் பார்க்கிறேன். உரல் பரணில் இருக்கிறது என்கிறார்.